நாடகத் தனிமொழி

''இக்கட்டுரை இலக்கிய, அரங்க வடிவம் ஒன்றைப் பற்றியது. ஒரு சொல் தனித்து நின்று பொருள் தருவதைக் குறிக்கும் இலக்கணக் கலைச்சொல்லான தனிமொழி இதிலிருந்து வேறானது.''

நாடகத் தனிமொழி என்பது ஒரு பாத்திரம், குறிப்பிட்ட ஒரு சூழலில், தன் வாயால் தானே பேசுவதாக அமையும் படைப்பு ஆகும். இதில் ஆசிரியர் தம் குரலில் எதுவும் கூறுவதில்லை. பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார், எங்கே நின்று பேசுகிறார், ஏன் பேசுகிறார் என்பனவெல்லாம் அப்பேச்சிலிருந்தே புலப்பட வேண்டும். செய்யுளாகவோ உரைநடையாகவோ எழுதப்படும் இது, படிப்பதற்கும் மேடையில் ஒருவரால் நடிக்கப்படுவதற்கும் உரியது.

பழைய இலக்கியம் ஒன்றிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதன் வாயிலாகப் புதிய பேச்சொன்றை ஆக்குவது இவ்வடிவத்தின் நெடுங்கால வழக்கங்களுள் ஒன்று. கிரேக்க, உரோமானியப் பள்ளிகளில் இது பாடப்பயிற்சியாக இருந்தது. தமிழில் குலசேகர ஆழ்வார் தேவகியாகவும் தசரதனாகவும் பாடியுள்ளார். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்கள் இதைத் தனியொரு கவிதை வகையாக வளர்த்தனர். பாத்திரம் அறிந்திருப்பதற்கும் கேட்போர் அறிந்திருப்பதற்கும் உள்ள இடைவெளியிலிருந்தே இவ்வடிவம் தன் ஆற்றலைப் பெறுகின்றது.

பெயரும் வரையறையும்

தமிழ்த் திறனாய்வில் தனிமொழி என்னும் சொல் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களுக்கு வழங்குகின்றது. அவற்றைப் பின்வருமாறு பிரித்தறியலாம்.

* தன்னுரை: பாத்திரம் தனித்திருக்கும்போது தன் மனத்தோடு பேசிக்கொள்வது. சேக்சுபியரின் ஆம்லெட் நாடகத்தில் இளவரசன் ஆம்லெட் பேசும் புகழ்பெற்ற பேச்சுகள் இவ்வகையின. இது முழு நாடகம் ஒன்றின் பகுதியாக வரும்.
* நாடகத் தனிமொழி: பாத்திரம் மற்றொருவரை நோக்கிப் பேசுவது. அம்மற்றவர் வாய் திறப்பதில்லை. ஆயினும் அவர் அங்கே இருப்பதைப் பேச்சு உணர்த்தும். இது பெரும்பாலும் தானே முழுமை பெற்ற தனிப் படைப்பாகும்.
* தனிநடிப்பு: ஒரே நடிகர் மேடையில் நிகழ்த்துவது. அவர் ஒரு பாத்திரமாக மட்டும் தோன்றலாம். பல பாத்திரங்களாகவும் மாறலாம். ஏகபாத்திர நடிப்பு என்றும் இதனைக் கூறுவர்.

ஓரங்க நாடகம் என்பது ஒரே அங்கத்தில் முடியும் நாடகம். அதில் பல பாத்திரங்கள் பேசலாம். பெயர் ஒப்புமையால் அதனைத் தனிநடிப்போடு மயங்குதல் கூடாது. பழைய கதையைப் புதிய பார்வையில் கூறும் எல்லாப் படைப்புகளும் தனிமொழி ஆகா. எடுத்துக்காட்டாக, புதுமைப்பித்தனின் ''சாப விமோசனம்'' அகலிகையின் கதையை மறுபடி சொல்லும் சிறுகதை. அதில் கதைசொல்லி ஒருவர் இருப்பதால் அது தனிமொழி அன்று.

வரலாறு

கிரேக்க, உரோமானியப் பள்ளிகள்

பண்டைய கிரேக்க, உரோமானியக் கல்வியில் பேச்சுக்கலை உயர்ந்த இடம் பெற்றிருந்தது. அதன் தொடக்கப் பயிற்சிகளுள் ஒன்று எத்தோப்பொயியா எனப்பட்டது. "பண்பை ஆக்குதல்" என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். இன்ன நிலையில் இன்ன பாத்திரம் என்ன பேசியிருக்கும் என்பதை மாணவர் எழுத வேண்டும். கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்தோனியசு எழுதிய பயிற்சி நூலில் உள்ள 14 பயிற்சிகளுள் இதுவும் ஒன்று. தன் மக்கள் அனைவரையும் இழந்த நையோபி என்னும் தொன்மப் பாத்திரம் பேசுவதை அவர் மாதிரியாகத் தந்துள்ளார். இத்தகைய பேச்சை நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் என்ற மூன்று பகுதிகளாக அமைக்க வேண்டும் என்பது அவர் கூறும் முறை. முதலில் இப்போதைய துயர், அடுத்து முன்பிருந்த நிலை, இறுதியில் இனி வரப்போவது.

இப்பயிற்சி வகுப்பறையில் எவ்வாறு நடந்தது என்பதற்குப் புனித அகசுத்தீன் (354–430) நேரடிச் சான்று தருகின்றார். வட ஆப்பிரிக்காவில் தாம் மாணவராக இருந்தபோது, வர்சிலின் ''ஏனியிடு'' காப்பியத்தில் வரும் யூனோ தேவியின் சினத்தையும் துயரத்தையும் உரைநடையில் பேசிக்காட்டும் பணி தமக்கு இடப்பட்டதாகத் தமது ''ஒப்புரவுகள்'' என்னும் நூலில் அவர் எழுதியுள்ளார். பாத்திரத்தின் மதிப்புக்கு ஏற்பச் சினமும் துயரும் உண்மைபோல் தோன்றப் பேசியவருக்கே அங்குப் பாராட்டுக் கிடைத்தது. தமக்குக் கிடைத்த கைதட்டலைப் பிற்காலத்தில் அவர் வெறும் புகையும் காற்றும் எனக் கருதினார். இலக்கியப் பாத்திரமாக எழுதி நடிக்கும் பயிற்சி ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பே பள்ளிப் போட்டியாக இருந்ததை இது காட்டுகின்றது.

உரோமானியக் கவிஞர் ஓவிது (கி.மு. 43 – கி.பி. 17/18) ''எரோயிதெசு'' என்னும் தொகுப்பில், தொன்மக் கதைகளின் பெண்கள் தம் காதலருக்கும் கணவருக்கும் எழுதும் கடிதங்களாகக் கவிதைகளை அமைத்தார். முதல் கடிதம் ஒடிசியசுக்குப் பெனலோப்பி எழுதுவது. ஓமரின் ''இலியட்டு'' காப்பியத்தில் பிரிசெயிசு என்பவள் போரில் சிறைப்பட்ட பெண். அவளை முன்னிட்டே அக்கிலீசும் அகமெம்னனும் பகை கொள்கின்றனர். ஆயினும் காப்பியத்தில் அவள் பேசும் இடம் மிகச் சிறிது. ஓவிது அவளுக்கு ஒரு முழுக் கடிதம் அளித்தார்.

தமிழ் மரபு

சங்க அகப்பாடல்கள் யாவும் பாத்திரக் கூற்றுகளே. தலைவி, தலைவன், தோழி, செவிலி, பரத்தை முதலியோருள் ஒருவர் பேசுவதாகவே ஒவ்வொரு பாடலும் அமையும். புலவர் தம் குரலில் இடைபுகுவதில்லை. ஆண் புலவரான கபிலர் தலைவியாகவும் தோழியாகவும் பல பாடல்களில் பேசியுள்ளார். ''குறுந்தொகை''யின் 25ஆம் பாடலில், தலைவன் தன்னோடு கூடிய நாளில் அங்கிருந்த ஒரே சான்று மீனுக்காகக் காத்திருந்த நாரைதான் என்று தலைவி தோழியிடம் கூறுகின்றாள். அவன் கைவிட்டுவிடுவானோ என்னும் அச்சம் நாரையைப் பற்றிய பேச்சுக்குள் பொதிந்திருக்கின்றது.

எனினும் அகப்பாடலின் மாந்தர் பெயர் சுட்டப்படாதவர்கள். ஒருவரின் இயற்பெயரை அகத்திணையில் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. ஆகவே இவை நாடகத் தனிமொழியின் இலக்கணத்தைப் பெற்றிருந்தாலும், முன்னரே கதையுள்ள ஒரு பாத்திரத்தின் பேச்சு ஆகா.

அந்நிலை பக்தி இலக்கியத்தில் வருகின்றது. பெரியாழ்வார் யசோதையாகப் பாடினார். குலசேகர ஆழ்வாரின் ''பெருமாள் திருமொழி''யில் 105 பாசுரங்கள் உள்ளன. அதன் ஏழாம் திருமொழி தேவகியின் புலம்பலாகவும், எட்டாம் திருமொழி இராமனைத் தாலாட்டும் கோசலையின் கூற்றாகவும், ஒன்பதாம் திருமொழி காட்டுக்குச் சென்ற மகனை நினைந்து தசரதன் புலம்புவதாகவும் அமைந்துள்ளன. கண்ணனின் குழந்தைக் குறும்புகளைப் பாடுவோர் பலர். அக்குறும்புகளுள் ஒன்றையும் காணப்பெறாத பெற்ற தாயின் பக்கம் நின்று பாடியது குலசேகரரின் தனித்தன்மை. கதை கவனிக்காமல் விட்டுச்சென்ற ஒருவரைத் தேடிச் செல்வது இவ்வடிவத்தின் இயல்பு என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது.

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதை

ராபர்ட் பிரௌனிங் (1812–1889), ஆல்பிரட் டென்னிசன் (1809–1892) ஆகிய இருவரும் ஆங்கிலத்தில் இவ்வடிவத்தை முதன்மைப்படுத்தினர். 1842இல் வெளிவந்த பிரௌனிங்கின் ''மை லாஸ்ட் டச்சஸ்'' பெரும்பாலும் முதல் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகின்றது. பெராரா நகரப் பிரபு ஒருவர், மறைந்த தம் மனைவியின் ஓவியத்தை ஒரு தூதருக்குக் காட்டிப் பேசுகின்றார். அத்தூதர் வந்திருப்பது பிரபுவின் அடுத்த திருமணத்தைப் பற்றிப் பேசுவதற்கு. தம் கலை இரசனையையும் குடிப்பெருமையையும் காட்டவே பிரபு பேசுகின்றார். மனைவியைக் கொல்வித்தவர் அவரே என்னும் எண்ணமோ படிப்பவர் உள்ளத்தில் எழுகின்றது. கொலை என்ற சொல்லை அவர் ஓரிடத்தும் கூறுவதில்லை.

டென்னிசனின் ''யுலிசஸ்'' 1833இல் எழுதப்பட்டு 1842இல் வெளிவந்தது. ஓமர், தாந்தே ஆகியோரின் காப்பியங்களில் வரும் ஒடிசியசு முதுமையில் மீண்டும் கடற்பயணம் புறப்பட விரும்பிப் பேசுவதாக அது அமைந்தது. சேக்சுபியரின் ''சூறாவளி'' நாடகத்தில் வரும் கலிபன் பேசுவதாகப் பிரௌனிங் எழுதிய கவிதை 1864இல் வெளியாயிற்று. அதில் கலிபன், தான் வணங்கும் தெய்வமும் தன்னைப்போலவே பொறாமையும் கொடுமையும் உடையது என்று வாதிடுகின்றான். பின்னர் இடி முழங்கியதும் அஞ்சி ஒடுங்குகின்றான். ஒகஸ்டா வெப்ஸ்டர் 1870இல் வெளியிட்ட தொகுப்பில் மெடியாவும் சர்சியும் பேசுகின்றனர்.

ராபர்ட் லாங்பௌம் 1957இல் வெளியிட்ட ஆய்வு நூலில், இவ்வகைக் கவிதையைப் படிப்பவர் பேசுபவர்பால் கொள்ளும் பரிவுக்கும் அவரைப் பற்றிச் செய்யும் தீர்ப்புக்கும் இடையே இழுபடுவதே இதன் சிறப்பியல்பு என்று விளக்கினார். பின்வந்த விவாதங்கள் பலவற்றுக்கும் இக்கருத்து தொடக்கமாயிற்று.

பிற இந்திய மொழிகள்

வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் 1862இல் வெளியிட்ட ''வீராங்கனா காவியம்'' ஓவிதின் கடித வடிவத்தைப் பின்பற்றியது. சகுந்தலை, கைகேயி முதலிய இதிகாச, புராணப் பெண்கள் எழுதும் 11 கடிதங்கள் அதில் உள்ளன. மலையாளத்தில் குமாரன் ஆசான் 1919இல் வெளியிட்ட ''சிந்தாவிஷ்டயாய சீதா'' பெரும்பகுதி வால்மீகியின் ஆசிரமத்தில் தனித்திருக்கும் சீதையின் எண்ணங்களாகவே செல்கின்றது.

மேடையில்

மேடைக்கென எழுதப்பட்ட நவீனத் தனிமொழிகளுள் அந்தோன் செக்கோவ் 1886இல் எழுதி 1902 வரை திருத்திவந்த ''புகையிலையின் தீமைகள்'' குறிப்பிடத்தக்கது. மனைவியின் கட்டளைப்படி புகையிலை பற்றிச் சொற்பொழிவாற்ற வரும் கணவர், தம் இல்வாழ்வின் அவலத்தைக் கொட்டித் தீர்க்கின்றார். சுவீடிய நாடகாசிரியர் ஸ்டிரிண்ட்பெர்க்கின் ''வலிமையானவள்'' (1889) நாடகத்தில் இரு பெண்கள் மேடையில் உள்ளனர். ஒருத்தி மட்டுமே பேசுகின்றாள். பேசுபவள் வலியவளா, பேசாதிருப்பவள் வலியவளா என்பது அவையோரின் முடிவுக்கு விடப்பட்டுள்ளது. சான் கொக்தோவின் ''மனிதக் குரல்'' (1930) தொலைபேசியில் பேசும் ஒரு பெண்ணை மட்டுமே காட்டும். மறுமுனையின் குரல் அவையோருக்குக் கேட்பதில்லை.

இந்தியாவில் ஒருவரே நின்று நிகழ்த்தும் கலைகள் பழைமையானவை. கேரளத்தின் நங்கியார்கூத்தில் ஒரு பெண் கலைஞர் கண்ணன் கதையின் மாந்தர் பலராகவும் மாறி அபிநயிக்கின்றார். தமிழகத்தில் திருவரங்கம், திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களின் அரையர் சேவையில் பாசுரங்கள் இசையோடும் அபிநயத்தோடும் நிகழ்த்தப்படுகின்றன. வங்க நடிகை சாவ்லி மித்ரா 1983 முதல் நடித்த ''நாதவதி அநாதவத்'' திரௌபதியின் கதையைத் தனியொருவராகக் கூறி நடித்த படைப்பு.

தமிழ்ப் பள்ளி மேடைகளில் ''பராசக்தி'' (1952), ''வீரபாண்டிய கட்டபொம்மன்'' (1959) ஆகிய திரைப்படங்களின் வசனங்களை மனப்பாடமாகப் பேசுவது பல தலைமுறைகளின் பயிற்சியாக இருந்துள்ளது. மாறுவேடப் போட்டியில் சிறுவர் கண்ணகியாகவோ பாரதியாகவோ வந்து சில வரிகள் பேசுவதும் உண்டு. முன்னது பிறர் எழுதியதை ஒப்பித்தல். பின்னதில் வேடமே முதன்மை. பாத்திரத்தின் பேச்சைத் தானே ஆக்கி நடிப்பது இவ்விரண்டினும் ஒரு படி அப்பாற்பட்டது.

அடிப்படைக் கூறுகள்

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய 34 உறுப்புகளைக் கூறுகின்றது. அவற்றுள் எட்டு நாடகத் தனிமொழிக்கு அப்படியே பொருந்துவன. எழுதத் தொடங்கும் ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்களாக இவற்றைக் கொள்ளலாம்.

# கூற்று: பேசுபவர் யார்?
# கேட்போர்: யாரிடம் பேசுகிறார்? அவரிடம் எதை மறைக்க விரும்புகிறார்?
# களன்: எவ்விடத்தில் நின்று பேசுகிறார்?
# காலம்: கதையின் எந்தக் கணம்? அதற்குமுன் நடந்தது எது, இனி வருவது எது?
# பயன்: இப்பேச்சால் அவர் அடைய விரும்புவது என்ன?
# மெய்ப்பாடு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டில் எதில் தொடங்கி எதில் முடிகிறார்?
# எச்சம்: சொல்லாமல் விடப்படுவது எது?
# முன்னம்: இன்னார் இன்னாரிடம் இவ்விடத்தில் பேசுகிறார் என்பது பேச்சினாலேயே விளங்குகிறதா?

இவற்றுள் காலம், எச்சம் ஆகிய இரண்டும் முதன்மையானவை. காலத்தைத் தேர்ந்த உடனே பாத்திரத்தின் அறிவுக்கு எல்லை வகுக்கப்பட்டுவிடுகின்றது. அக்கணத்துக்குப் பின் நடப்பது பாத்திரத்துக்குத் தெரியாது. கதையை அறிந்த அவையோருக்குத் தெரியும். எச்சம் அவ்விடைவெளியைப் பயன்படுத்திக்கொள்கின்றது.

எழுதும் முறை

பாத்திரத்தைத் தெரிதல்

மூல நூலில் நிறையப் பேசிவிட்ட பாத்திரத்தைக் காட்டிலும், செயலில் பங்கிருந்தும் சில சொற்களே பேசிய பாத்திரம் தனிமொழிக்கு ஏற்றது. ''சிலப்பதிகார''த்தில் கண்ணகி அரசவையில் தன் வழக்கைத் தானே முழுமையாக உரைத்துவிடுகின்றாள். அவள் பேச்சைத் திரும்ப எழுதுபவர் இளங்கோவடிகளோடு போட்டியிட நேரும். அதே அவையில் இருந்த பாண்டிமாதேவியாகிய கோப்பெருந்தேவியின் நிலை வேறு.

மூலத்தை ஆராய்தல்

எழுதுமுன் மூலநூல் அப்பாத்திரத்தைப் பற்றிக் கூறும் செய்திகளைப் பட்டியலிட வேண்டும். கோப்பெருந்தேவியைப் பற்றிக் காப்பியம் தருவன வருமாறு.

* மன்னன் கூத்து மகளிரின் ஆடலிலும் பாடலிலும் ஈடுபட்டிருக்கக் கண்டு ஊடி, தலைவலி என்று காரணம் கூறி எழுந்து செல்கின்றாள்.
* அவள் ஊடலைத் தீர்க்க மன்னன் அவள் இருப்பிடம் நோக்கிச் செல்லும்போதுதான் பொற்கொல்லன் எதிர்ப்பட்டுக் கோவலனைக் கள்வன் என்கின்றான். மன்னன் ஆராயாமல் ஆணையிடுகின்றான்.
* தேவியின் சிலம்பைத் திருடியவன் அப்பொற்கொல்லனே.
* கண்ணகி அவைக்கு வருமுன் தேவி தீய கனவு கண்டு, அதனை மன்னனிடம் கூறச் செல்கின்றாள்.
* தேவியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் பரல்களாக இருந்தன. உண்மை வெளிப்பட்டதும் மன்னன் இறக்கின்றான். தேவியும் உடன் வீழ்கின்றாள்.

இச்செய்திகளுக்கு மாறாக எழுதுதல் கூடாது. காப்பியம் பேசாத இடத்தில் எழுதுவதற்குத் தடையில்லை. கோவலனிடமிருந்து கொணரப்பட்ட சிலம்பு, கண்ணகியின் முன் கொண்டுவந்து வைக்கப்படும்வரை அரண்மனையில் என்னவாயிற்று என்பது பற்றிக் காப்பியம் விரித்துரைக்கவில்லை.

கணத்தைத் தெரிதல்

தேவி தன் கணவனின் உடல்மீது விழும் கணத்தைத் தெரிந்தால் அங்கே புலம்பல் மட்டுமே எஞ்சும். எல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கனவைச் சொல்லப் புறப்படும் கணத்தைத் தெரிந்தால் அவளுக்குக் கண்ணகி என்ற பெயரே தெரியாது. பின்வருவது இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்ட சிறு மாதிரி. கேட்பவள் தேவியின் தோழி.

: விளக்கைத் தணித்து வை, தோழி. தலை வலிக்கிறது. ஏன் சிரிக்கிறாய்? அன்று சொன்னதுதான் பொய். இது மெய்யான வலி. உறங்கினால் அந்தக் கனவு வருகிறது.

: மன்னரிடம் சொல்லத்தான் போகிறேன். அவர் கேட்பார். அன்றைக்கு என்ன செய்தார் தெரியுமா? என்னைத் தேடி வந்த வழியில், கள்வன் அகப்பட்டான் என்று கொல்லன் காலில் விழுந்தானாம். நின்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையாம். என்னிடம் வந்து சேரும் விரைவு. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்த விரைவு இருக்கிறதே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. வெளியில் காட்டவில்லை.

: சிலம்பு வந்துவிட்டது. இதோ, அணிந்திருக்கிறேன். யாரோ அயலூரான் என்றார்கள். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

: சற்று நடக்கிறேன், கேள். இந்தக் கால். இப்போது இந்தக் கால். உன் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவா இருக்கின்றன? இல்லை, சொல்லாதே. ஊடல் தீர்த்து அவர் கொடுத்ததைக் குறை சொன்னால் நன்றாக இராது. நாலு நாள் நடந்தால் ஒலி பழகிவிடும்.

: வா, போகலாம். அவையில் கூட்டம் சேருமுன் கனவைச் சொல்லிவிட வேண்டும்.

தேவி இங்குத் தன் கணவனின் அன்பைப் பற்றியே பேசுகின்றாள். அவள் அன்பின் அடையாளமாகக் கூறும் விரைவே கோவலனின் உயிரைக் குடித்தது என்பது அவையோருக்குத் தெரியும். அவள் தீயவள் அல்லள். சிலம்பின் ஒலி வேறுபடுவதைக் கேட்கிறாள். கேட்டும் கேளாதிருக்க ஒரு காரணம் கண்டுபிடிக்கிறாள். அவ்விடத்தில் அவையோர் அவளுக்கு இரங்கவும் செய்வர், அவளைக் குறைகூறவும் செய்வர். பரிவும் தீர்ப்பும் ஒருங்கே எழுவது இவ்வாறுதான்.

மொழிநடை

தமிழில் எழுதுவோர் எதிர்கொள்ளும் தனிச்சிக்கல் செந்தமிழ், பேச்சுத்தமிழ் என்னும் இருநிலை ஆகும். காப்பிய மாந்தர் இன்றைய வட்டார வழக்கில் பேசினால் நகைப்பு எழலாம். முழுச் செந்தமிழில் பேசினால் மேடைச் சொற்பொழிவு போலாகலாம். அடுக்குமொழியும் எதுகை மோனையும் மிகும்போது கேட்போர் சொல்லழகைக் கவனிப்பர். பேசுபவர் மறைப்பதைக் கவனியார். எளிய சொற்களாலான சிறு தொடர்கள், வினாக்கள், பாதியில் நிற்கும் கூற்றுகள் ஆகியவை எந்த நடையிலும் பேச்சின் உயிர்ப்பைத் தருவன. வேண்டுமென்றே வட்டார வழக்கைக் கையாள்வோர் அதனைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீராகக் கையாள வேண்டும்.

நிகழ்த்தும் முறை

* கேட்பவரை நிறுத்துதல்: மேடையில் இல்லாத கேட்பவருக்கு நடிகர் ஓரிடத்தை உறுதிசெய்ய வேண்டும். அவர் உயரம், அமர்ந்திருக்கிறாரா நிற்கிறாரா என்பவற்றுக்கு ஏற்பப் பார்வை செல்ல வேண்டும். பார்வை நிலையற்று அலைந்தால் கேட்பவர் மறைந்துவிடுவார்.
* மறுமொழியைக் கேட்டல்: "ஏன் சிரிக்கிறாய்?" என்பதற்குமுன் தோழி சிரித்திருக்க வேண்டும். நடிகர் அச்சிரிப்பைக் கண்ட பின்னரே அவ்வரியைச் சொல்ல வேண்டும். மனப்பாடப் பேச்சுக்கும் நடிப்புக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இவ்விடத்திலேயே தெரியும்.
* தொடக்கம்: முதல் வரிக்கு முன் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்ற உணர்வோடு தொடங்க வேண்டும். "நான்தான் கோப்பெருந்தேவி" என்று அறிமுகம் செய்துகொள்வது மாறுவேடப் போட்டிக்கு உரியது.
* அறியாமையைக் காத்தல்: பாத்திரம் அறியாததை நடிகரின் குரல் அறிந்துவிடக் கூடாது. மேற்கண்ட மாதிரியில் "உள்ளூர மகிழ்ச்சி" என்ற சொற்களைச் சோகத்தோடு சொன்னால் பொருள் கெடும். உண்மையான மகிழ்ச்சியோடு சொன்னால்தான் அவையோர் நடுங்குவர்.
* பொருள்கள்: ஆடை அணிகளின் மிகுதியைவிட, பேச்சோடு தொடர்புடைய ஒரே பொருள் போதும். இங்கு அது சிலம்பு. இரு கால்களிலும் வெவ்வேறு ஒலி எழச் செய்வது எளிது. ஒலி மாறாமல் விட்டு, அவையோரைக் கூர்ந்து கேட்கச் செய்வதும் ஒரு முறை.
* நேரம்: போட்டிகளில் நேர வரையறை உண்டு. உரக்கப் பேசி, இடைநிறுத்தங்களோடு கடிகாரத்தில் அளந்த பின்னரே எழுத்துப்படியைச் சுருக்கவோ விரிக்கவோ வேண்டும். மௌனமாகப் படித்து அளந்த நேரம் மேடையில் போதாது.

திரைப்பட வசனங்களைப் பயில்வோருக்கும் இவை பொருந்தும். கட்டபொம்மன் சாக்சன் துரையை எதிர்த்துப் பேசும் காட்சியைத் தனியே நடிக்கும்போது, எதிரில் நிற்கும் துரை காணாமற்போய்விடுகிறார். அவரை மீண்டும் மேடைக்குக் கொண்டுவருவது நடிகரின் பொறுப்பு.

பொதுவான குறைகள்

* கதைச்சுருக்கம் கூறுதல். கேட்பவருக்கு முன்பே தெரிந்த செய்திகளை, அவையோருக்காகப் பாத்திரம் எடுத்துரைப்பது.
* பிற்கால அறிவைப் புகுத்துதல். பாத்திரம் தன் கதையின் முடிவையும் திறனாய்வாளர் கூற்றையும் அறிந்ததுபோல் பேசுவது.
* வழக்கறிஞராக மாறுதல். கைகேயியையோ சகுனியையோ முற்றிலும் குற்றமற்றவராக நிறுவும் நோக்கத்தோடு எழுதுவது. குற்றத்தை நீக்கிவிட்டால் அவையோர் இரங்குவதற்கும் எதுவும் எஞ்சாது.
* உச்சத்தில் தொடங்கி உச்சத்திலேயே முடித்தல். மெய்ப்பாடு மாறாவிடில் அழுகையும் சலிப்பூட்டும்.

கருத்து வேறுபாடுகள்

பிறர் குரலில் பேசும் உரிமை எழுத்தாளருக்கு எவ்வளவு உண்டு என்பது தொடர்ந்து விவாதிக்கப்படுகின்றது. சங்ககாலம் முதல் ஆண் புலவர்களே பெண் குரலில் பெரிதும் பாடினர். ஓவிதின் பெண்களும் ஓர் ஆண் படைத்தவர்களே. கரோல் ஆன் டஃபி 1999இல் வெளியிட்ட ''த வேர்ல்ட்ஸ் வைஃப்'' தொகுப்பில், புகழ்பெற்ற ஆண்களின் மனைவியர் பேசுகின்றனர். மார்கரெட் அட்வுட் ''பெனலோப்பியடு'' (2005) நாவலில் பெனலோப்பியையும், ஒடிசியசின் ஆணையால் தூக்கிலிடப்பட்ட 12 பணிப்பெண்களையும் பேச வைத்தார். இவற்றைப் பழைய குரல்களைத் திருத்தும் முயற்சிகளாகக் காண்போர் உள்ளனர்.

பேசாதவருக்குப் பேச்சைத் தருவது நீதி என்பது ஒரு சாரார் கருத்து. அவ்வாறு தரப்படும் பேச்சு எழுதுபவரின் பேச்சே என்பதால், பேசாதவர் மீண்டும் ஒருமுறை மறைக்கப்படுகிறார் என்பது மறுசாரார் கருத்து. பாத்திரம் அறிந்ததற்கு மேல் அதனைப் பேச வைக்காமலும், அது மறைக்க விரும்புவதை வலிந்து வெளியிடாமலும் எழுதும்போது இவ்விடர்ப்பாடு குறைகின்றது. எழுதுபவரின் கருத்தை ஒலிக்கும் பாத்திரத்தைக் கேட்போர் விரைவில் இனங்கண்டுகொள்வர்.

கல்வியில் பயன்பாடு

பாடநூலில் உள்ள பாத்திரமாகப் பேசச் செய்வது மொழி வகுப்புகளில் பயன்படும் ஒரு முறையாகும். பாத்திரப் படைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர் ஆசிரியர் கூறியதைத் திருப்பி எழுதிவிட முடியும். பாத்திரமாகப் பேச வேண்டிய மாணவரோ, கோப்பெருந்தேவிக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை முடிவுசெய்ய மூலநூலின் வரிகளுக்குத் திரும்பிச் சென்றே ஆகவேண்டும். மூலத்தை நெருங்கிப் படிக்கச் செய்வதே இப்பயிற்சியின் முதற்பயன். மேடைத்துணிவு அதற்கடுத்தது.

இவற்றையும் பார்க்கவும்

* அகத்திணை
* அரையர் சேவை
* ஓரங்க நாடகம்
* சிலப்பதிகாரம்
* செய்யுளியல்
* தனிநடிப்பு
* பெருமாள் திருமொழி
* மெய்ப்பாடு
* ராபர்ட் பிரௌனிங்